ஜெட் போய் விரிடிஸ் வந்த கதை: ஒரு டிஃபால்ட் கலரை மாத்துனதுல என்னென்ன நடந்துச்சு

பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழில கிராஃப் போடுறவங்களுக்கு, அதுக்கான டூலான மேட்பிளாட்லிப்பை அறிமுகம் பண்ணவே தேவையில்ல. 2017 ஜனவரிக்கு முன்னாடி அதுல ஒரு ஹீட்மேப், அதாவது எண்களைக் கலரா காட்டுற படம் போட்டீங்கன்னா, கலர் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லாட்டியும் அதுவா ஜெட்ங்கிற கலர்மேப்பை, அதாவது எந்த எண்ணுக்கு எந்தக் கலர்னு சொல்ற வரிசையை எடுத்துக்கும். கருநீலத்துல ஆரம்பிச்சு, நீலம், சயன், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு போய் கடைசில ரத்தம் உறைஞ்ச மாதிரி ஒரு கருஞ்சிவப்புல முடியும். ஒரு காலத்துல சயின்ஸ் பேப்பர்னாலே இந்த வானவில்தான், ஜெட் இல்லாத பேப்பரைத் தேடணும்.

இது மேட்பிளாட்லிப்புக்கு வந்தது காசு குடுத்து வாங்குற மேட்லேப்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல இருந்து. மேட்லேப் மாதிரி ஒண்ணை பைத்தான்ல இலவசமா கொண்டு வரணும்னுதான் ஜான் ஹண்டர் மேட்பிளாட்லிப்பையே எழுத ஆரம்பிச்சாரு, அதனால அங்க இருந்த பழக்கவழக்கமும் சேர்ந்தே வந்துடுச்சு. மேட்லேப்புக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல ஒரு சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்துல விண்வெளில பீய்ச்சி அடிக்கிற திரவ ஜெட்டை சிமுலேட் பண்ணாங்க, அந்தப் படத்தோட சம்பந்தப்பட்ட கலர்னு மேட்லேப் டாக்குமெண்டேஷனே சொல்லுது. அதாவது ஒரே ஒரு சிமுலேஷனுக்கு அழகா இருந்த கலர், அப்புறம் மழை, இதயம், மூளை, கடல், பங்குச்சந்தைன்னு எல்லாத்துக்கும் டிஃபால்ட் ஆயிடுச்சு, யாரும் உட்கார்ந்து யோசிச்சு முடிவு பண்ணி இல்ல.

கலர் பிளைண்டா இருக்குறவங்களுக்கும் புரியுற மாதிரி படம் போடுறது எப்படின்னு கேட்டா எல்லாரும் டிப்ஸ் குடுப்பாங்க, சிவப்பு பச்சையை சேர்க்காதீங்க, பேட்டர்ன் போடுங்கன்னு. டிப்ஸ் தப்பில்ல, ஆனா டிப்ஸால உலகம் மாறி நான் பார்த்ததில்ல. ஜெட் போய் விரிடிஸ்ங்கிற புது கலர்மேப் டிஃபால்ட்டா வந்ததுல வேற ஒண்ணு நடந்துச்சு. கலர் பிளைண்ட் ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு மோடு, ஒரு பட்டன்னு வைக்காம, எல்லாருக்கும் போற டிஃபால்ட்லயே அதை ஒரு நிபந்தனையா வெச்சுக் கட்டுனாங்க, அது மத்தவங்களுக்கும் நல்லதாவே முடிஞ்சுது. அதே டீம் அதே ரிலீஸ்ல இன்னொரு இடத்துல பாதி கிணறுதான் தாண்டுனாங்க, அதையும் பார்க்கலாம்.

முதல்ல கண்ணு. நம்ம விழித்திரைல கலருக்குன்னு மூணு வகை கூம்பு செல் இருக்கு, நீண்ட அலைநீளம், நடுத்தரம், குறுகியது. நீண்டதும் நடுவுல இருக்குறதும் ஏற்கனவே பக்கத்து பக்கத்து வீடு மாதிரிதான், ஒண்ணு சுமார் 560 நானோமீட்டர்ல உச்சம், இன்னொண்ணு 530 பக்கம். ரெண்டுக்கும் உள்ள அந்த சின்ன வித்தியாசத்தை வெச்சுத்தான் மூளை சிவப்பு எது பச்சை எதுன்னு பிரிக்குது. சிலருக்கு இதுல ஒண்ணு இல்லாமலே இருக்கும், நிறைய பேருக்கு ரெண்டும் இன்னும் நெருங்கி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்ச மாதிரி இருக்கும். பச்சைப் பக்கக் கூம்பு, அதாவது நடுத்தரம், இப்படி நகர்ந்து போற வகைதான் இருக்குறதுலயே அதிகம். இந்த ரெண்டுக்குமான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கு, அதனாலதான் ஆம்பளைங்களுக்கு அதிகம், தாய்மாமனுக்கு இருந்து அக்கா பையனுக்கும் இருக்குற வீடுங்களை நீங்களே பார்த்திருக்கலாம். வடஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல 12 பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கும்னு கணக்கு, பெண்கள்ல 200 பேர்ல ஒருத்தர். ஆசியாவுல இதைவிடக் குறைவு, ஆனா முப்பது நாப்பது பேர் இருக்குற ஒரு ஆபீஸ் ஹால்ல ஒருத்தராவது இருக்க நல்லாவே வாய்ப்பிருக்கு, அவர் சொல்லியிருக்க மாட்டாரு அவ்ளோதான்.

இங்க கவனிக்க வேண்டியது, இவங்களுக்கு உலகம் பழைய எம்.ஜி.ஆர் படம் மாதிரி கருப்பு வெள்ளையா எல்லாம் தெரியாது. சிவப்பு பச்சை பிரிக்கிற அச்சு மட்டும்தான் மங்கும். நீலம் மஞ்சள் பிரிக்கிற அச்சு அப்படியே இருக்கும், வெளிச்சம் இருட்டு பிரிக்கிறதும் நல்லாவே இருக்கும், சிவப்புக் கூம்பே, அதாவது நீண்ட அலைநீளக் கூம்பே இல்லாதவங்களுக்கு மட்டும் சிவப்பு நம்ம பார்க்குறதைவிட இருட்டா தெரியும். இந்த ரெண்டு அச்சு மிச்சம் இருக்குங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க, விரிடிஸ்ல பாதி வேலை இதுலதான் நடக்குது.

இப்ப ஜெட்டுக்கு வருவோம். ஒரு மழை மேப் போடுறோம்னு வைங்க, 0 மில்லிமீட்டர்ல இருந்து 200 வரைக்கும். ஜெட்ல 25 மில்லிமீட்டர் வர்ற இடம் சுமாரா சுத்த நீலம், 75 சயன், 125 மஞ்சள், 175 சிவப்பு, 200 கருஞ்சிவப்பு. ஒவ்வொண்ணும் கண்ணுக்கு எவ்ளோ வெளிச்சமா தெரியுதுன்னு 0ல இருந்து 100 வரைக்கும் ஒரு அளவுகோல் உண்டு. அதுல சுத்த நீலம் 32, சயன் 91, மஞ்சள் 97, சிவப்பு 53, கடைசி கருஞ்சிவப்பு 25 பக்கம். மழை ஏற ஏற வெளிச்சம் என்ன பண்ணுது பாருங்க, 25 மில்லிமீட்டர்ல இருந்து 75க்குள்ள ராக்கெட் மாதிரி ஏறுது, 75ல இருந்து 125 வரைக்கும் கிட்டத்தட்ட அசையவே இல்ல, அதுக்கப்புறம் தலைகீழா இறங்குது. இதை கருப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்தா 200 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்த ஊரும் ஒரு சொட்டு கூட பெய்யாத ஊரும் ரெண்டும் கருப்பா இருக்கும்.

சிவப்பு பச்சை பிரியாதவருக்கு இதே மேப் எப்படின்னா, நீலப் பக்கம் பிரச்சனை இல்ல, நடுவுல இருக்குற பச்சை வெளிறி சாயம் போன மாதிரி ஆகும், மஞ்சள்கலந்த பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒரே மஞ்சள்பழுப்புக் குடும்பமா போயிடும். இந்தக் குடும்பத்துக்குள்ள யார் மூத்தவன் யார் இளையவன்னு சொல்ல வெளிச்சம் உதவணும், அந்த வெளிச்சம் ஒரே திசைல போகல, ஏறிட்டு இறங்குது. அதனால லெஜண்டை, அதாவது எந்தக் கலர் எவ்ளோன்னு சொல்ற பட்டையைப் பார்த்து 'இந்த இடம் 110ஆ 150ஆ'ன்னு கேட்டா அவர் குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும். மேப்ல எந்த இடம் முக்கியமோ, அதாவது அதிக மழை, அதுலதான் அவருக்கு கண்ணு கட்டுது.

எல்லாக் கூம்பும் சரியா இருக்குறவங்களுக்கு ஜெட் நல்லாத்தான இருக்குன்னா, அதுவும் இல்ல. சயன்லயும் மஞ்சள்லயும் ரெண்டு பளிச் பட்டை தெரியும், டேட்டால அங்க ஒண்ணுமே நடந்திருக்காது, ஆனா கண்ணு அங்க ஒரு எல்லைக்கோடு இருக்குன்னு நம்பும். நடுவுல பச்சைக்குள்ள உண்மையாவே இருக்குற ஏற்ற இறக்கம் மொத்தமா முழுகிடும். இதைப் பத்தி போர்லண்ட், டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007லயே வானவில் கலர்மேப் இன்னமும் கெடுதல்தான்னு ஒரு கட்டுரை எழுதுனாங்க, அந்த 'இன்னமும்'லயே அவங்க சலிப்பு தெரியுதில்ல, அதுக்கு முன்னாடியே பல பேர் சொல்லி ஓஞ்சு போயிருந்தாங்க.

என்னைப் பொறுத்த வரைக்கும் இதுல ரொம்ப உறைக்கிற ஆதாரம் 2011ல மிஷெல் போர்க்கின் டீம் ஹார்வர்ட்ல பண்ணது. இதய ரத்தக் குழாயோட சுவர்ல ரத்த ஓட்டம் எவ்ளோ உரசுதுன்னு கலர்ல காட்டுற படம், உரசல் குறைவா இருக்குற இடத்துலதான் அடைப்பு வர வாய்ப்பு அதிகம், அந்த இடத்தைக் கண்டுபிடிக்கணும். மருத்துவ மாணவர்கள்கிட்ட குடுத்துப் பார்த்தாங்க. வழக்கமான முப்பரிமாண படம், வானவில் கலர்ல, 39 சதவீதம்தான் சரியா கண்டுபிடிச்சாங்க. அதே முப்பரிமாண படத்துல கலரை மட்டும் மாத்துனதும் 71 சதவீதம். படத்தையும் தட்டையா விரிச்சு கலரையும் மாத்துனப்போ 91. படிச்சுப் பார்த்ததும் கொஞ்சம் வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா இங்க கலர் பிளைண்ட்னஸ் கணக்குல கூட வரல, பொதுவான கண்ணை வெச்சே இந்த நிலைமை.

இவ்ளோ தெரிஞ்சும் ஜெட் ஏன் போகலைன்னா, அது டிஃபால்ட். கலர் பத்தி யோசிக்காதவங்க கைல தானா வந்து விழுறது அது, கட்டுரை எழுதித் திட்டுனா அந்தக் கட்டுரையைப் படிக்கிறவங்க ஏற்கனவே யோசிக்கிறவங்க. அதனால மாத்தணும்னா குழாயைத்தான் மாத்தணும்.

முதல்ல மாத்துனது மேட்லேப்தான், 2014ல ஆர்2014பி வெர்ஷன்ல ஜெட்டை எடுத்துட்டு பறூலான்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒரு சின்னக் குருவியோட பேரு, நீலத்துல இருந்து பச்சை வழியா மஞ்சளுக்குப் போகும். நல்லாத்தான் இருந்துச்சு. மேட்பிளாட்லிப்காரங்க அதையே எடுத்துட்டுப் போயிருந்தா கதை இங்கயே முடிஞ்சிருக்கும், ஆனா அதுக்கு காப்பிரைட் போட்டு வெச்சிருந்தாங்க, மேட்லேப்புக்கு வெளில பயன்படுத்த முடியாது. கலர் வரிசைக்கெல்லாம் காப்பிரைட்டான்னு நீங்க சிரிக்கலாம், நானும் சிரிச்சேன், ஆனா ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல அந்த ரிஸ்க்கை யாரும் எடுக்க மாட்டாங்க. ஒரு விதத்துல இந்த மறுப்புதான் நல்லதா போச்சு.

பெர்க்லில இருந்த நத்தானியல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் ரெண்டு பேரும் இதைக் கைல எடுத்தாங்க. அவங்க வெச்ச நிபந்தனைங்கதான் இந்தக் கேஸோட உசுரு. டேட்டால ஒரு படி ஏறினா கண்ணுக்கும் ஒரு படி ஏறின மாதிரி தெரியணும், எந்த இடத்துல ஏறினாலும் அதே அளவுக்கு. கருப்பு வெள்ளைல பிரிண்ட் போட்டாலும் இது நடக்கணும். சிவப்பு பச்சை பிரியாதவங்களுக்கும் நடக்கணும். கடைசியா பார்க்க லட்சணமாவும் இருக்கணும், இல்லேன்னா ஜனங்க திரும்ப ஜெட்டுக்கே ஓடிடுவாங்க. இதுல ரெண்டாவதும் மூணாவதும் தனித்தனி வேலை மாதிரி தெரியும், ஆனா வெளிச்சத்தை ஒரே சீரா ஏத்திட்டீங்கன்னா கருப்பு வெள்ளை பிரிண்டும் சரியாகிடும், கலர் பிளைண்ட் பிரச்சனைல பெரும்பகுதியும் சரியாகிடும், கலர் அதுக்கு மேல போடுற அலங்காரம்தான்.

இதைச் செய்ய விஸ்சிஎம்னு ஒரு டூலே எழுதுனாங்க. சிவப்பு, பச்சை, நீலம் எவ்ளோன்னு சொல்ற சாதாரண ஆர்ஜிபி எண்களை வெச்சு கண்ணு எப்படி உணருதுன்னு சொல்ல முடியாது, அதனால சீஐஇகேம்02ங்கிற கண்ணுணர்வு மாடல்ல வேலை பார்த்தாங்க. அந்த மாடல்ல ஒரு அச்சு வெளிச்சம், மத்த ரெண்டும் கலர். டூல் என்ன பண்ணும்னா வெளிச்சத்தை இருட்டுல இருந்து பளிச் வரைக்கும் நேர்கோடா பூட்டி வெச்சுடும், நீங்க மவுஸால ஒரு வளைகோட்டை இழுத்து இழுத்து கலர் எந்த வழியா போகணும்னு மட்டும் முடிவு பண்ணலாம். வெளிச்சத்தோட அந்த நேர்கோட்டை நீங்க வளைக்கவே முடியாது. கலர் பிளைண்டா இருக்குறவருக்கு இது எப்படித் தெரியும்ங்கிறதும் சிமுலேட் ஆகி பக்கத்துலயே தெரியும். எனக்கு இந்த டூல்மேல தனிப் பிரியம், ஏன்னா ஒரு கெட்ட முடிவை எடுக்கவே முடியாத மாதிரி கையைக் கட்டிப் போட்டுட்டு, மிச்சம் இருக்குற இடத்துல மட்டும் ரசனைக்கு வழி விடுது.

2015ல ஏ, பி, சின்னு மூணு வரைவு போட்டு எது பிடிச்சிருக்குன்னு பொதுவுல கேட்டாங்க. மூணுமே கருமைலயோ கருநீலத்துலயோ ஆரம்பிச்சு ஊதா, சிவப்பு, மஞ்சள்னு நெருப்பு மாதிரி போறது, இன்னைக்கு மேக்மா, இன்ஃபெர்னோ, பிளாஸ்மான்னு நாம பார்க்குறது இதுங்கதான். அப்புறம் நாலாவதா 'டி'ன்னு ஒண்ணு சேர்ந்துச்சு, ஹவாய்ல கடலியல் ஆராய்ச்சியாளரான எரிக் ஃபைரிங் கொண்டு வந்த யோசனைல இருந்து வளர்ந்தது, கரும் ஊதால ஆரம்பிச்சு நீலம், பசுநீலம், பச்சை வழியா மஞ்சளுக்கு. அதுதான் விரிடிஸ், அதுதான் ஜெயிச்சுது. அந்த வருஷம் ஜூலைல டெக்சாஸ் ஆஸ்டின்ல நடந்த, பைத்தானை சயின்ஸுக்குப் பயன்படுத்துறவங்களோட சைபை மாநாட்டுல இதை மேடை ஏத்துனாங்க.

அதே மழை மேப்பை இப்ப விரிடிஸ்ல போடுவோம். ஆர்ஜிபில சொன்னா 0 மில்லிமீட்டர் 68, 1, 84ங்கிற கரும் ஊதா, 200 மில்லிமீட்டர் 253, 231, 37ங்கிற பளிச் மஞ்சள், நடுவுல 100ல 33, 145, 140 பக்கம் ஒரு பசுநீலம். அதே வெளிச்ச அளவுகோல்ல 25 மில்லிமீட்டருக்கு சுமார் 25, 75க்கு 45, 125க்கு 64, 175க்கு 82. மழை ஏறுது, வெளிச்சமும் கூடவே ஏறுது, எங்கயும் நிக்கல, எங்கயும் திரும்பல. சிவப்பு பச்சை பிரியாதவருக்கு நடுவுல இருக்குற பச்சை கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும், ஆனா மொத்தப் பாதையும் நீலத்துல இருந்து மஞ்சளுக்கு, அவருக்கு மிச்சமிருக்குற அச்சு மேலயே ஓடுது, கூடவே வெளிச்சமும் சேர்ந்து அதே சேதியைச் சொல்லுது. நீலம் மஞ்சள் பிரியாதவங்கன்னு ரொம்ப அரிதா சிலர் உண்டு, அவங்களுக்கு வெளிச்சம் மட்டுமே போதும். ஒரே தகவலை ரெண்டு வழியா அனுப்புனா ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு போய்ச் சேரும்.

2015 கடைசில வந்த மேட்பிளாட்லிப் 1.5 வெர்ஷன்ல விரிடிஸை ஒரு ஆப்ஷனா சேர்த்தாங்க, 2017 ஜனவரில வந்த 2.0ல டிஃபால்ட் ஆக்குனாங்க. டிஃபால்ட் மாத்துறது சாதாரண விஷயம் இல்ல, பழைய கோடை ஓட்டுனா படம் வேற மாதிரி வரும், பேப்பர்ல இருக்குற படத்தோட ஒத்துப் போகாது, டெஸ்ட் எல்லாம் அடி வாங்கும். அதுக்குத்தான் கிளாசிக்னு ஒரு ஸ்டைல் வெச்சாங்க, ஒரு வரி எழுதுனா பழைய தோற்றம் திரும்ப வந்துடும். வேணும்ங்கிறவங்க ஜெட்டைக் கேட்டு வாங்கிக்கலாம், தடை எதுவும் போடல, கேக்காம வர்றது மட்டும்தான் நின்னுச்சு. எனக்கு இந்த அணுகுமுறைல சண்டை போடவே இடம் இல்லாம போச்சுன்னு தோணுது.

கலர் எண்களை பொதுச் சொத்துன்னு அறிவிச்சு விட்டதுதான் இதைவிடப் பெருசு. பறூலா மேட்லேப் வீட்டுக்குள்ளயே இருக்க, விரிடிஸ் ஊர் சுத்த ஆரம்பிச்சுது. ஆர்ங்கிற புள்ளியியல் மொழில முதல்ல தனி பேக்கேஜா வந்து, 2018ல அங்க கிராஃப் போடுற ஜிஜிபிளாட்2 உள்ளயே போய், அடுத்த வருஷம் ஆர் மொழிலயே சேர்ந்துடுச்சு, வெப்ல டி3, மேப் போடுறவங்களுக்கு க்யூஜிஐஎஸ், ஜூலியா மொழின்னு எங்க திரும்பினாலும் இருக்கு. இன்னைக்கு பைத்தானே தொடாதவங்க படத்துல கூட அந்த ஊதா மஞ்சளைப் பார்க்கலாம்.

எதிர்ப்பு இல்லாம இல்ல. சில பேருக்கு அந்தப் பச்சையே பிடிக்கல. டேட்டால நுணுக்கம் தெரியலை, ஜெட்ல சின்னச் சின்ன வித்தியாசம் கூட பளிச்னு தெரியும்னு சொன்னவங்க நிறைய. அதுல முழுசா பொய்யும் இல்ல, பல கலர் வழியா ஓடுறதால பக்கத்து பக்கத்து மதிப்பைப் பிரிச்சுப் பார்க்க ஜெட் உதவும், ஆனா அதே குணம்தான் இல்லாத எல்லைக்கோட்டையும் காட்டுது, நீங்க பார்க்குறது டேட்டாவா கலரான்னு தெரியாது. 2019ல கூகுள்ல இருந்து டர்போன்னு ஒண்ணு வந்துச்சு, ஜெட்டோட குத்தல் குடைச்சலை நீவி விட்ட வானவில், ஆழத்தைக் காட்டுற படங்களுக்கு வசதியா இருக்கும். ஜெட்டைவிட மேல், ஆனா வெளிச்சம் அதுலயும் ஏறி இறங்கத்தான் செய்யும், அளவு படிக்க வேண்டிய இடத்துல நான் போட மாட்டேன்.

இன்னொரு பக்கம் விரிடிஸ் போதாதுன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. சாதாரணக் கண்ணும் கலர் பிளைண்ட் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே படத்தைப் பார்க்கணும்னு அமெரிக்காவோட பசிஃபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்துல 2018ல சிவிடிஸ்னு ஒண்ணு பண்ணாங்க. விரிடிஸ்ல இருந்தே எடுத்து, சிவப்பு பச்சை வித்தியாசத்தை மொத்தமா பிழிஞ்சு எடுத்துட்டு நீலத்துல இருந்து மஞ்சளுக்கு மட்டும் போகும். கொஞ்சம் சோகையான கலர்தான், ஆனா 'அந்த நீல இடத்தைப் பாருங்க'ன்னு நீங்க வாய்ல சொல்றப்போ எதிர்ல இருக்குறவரும் அதே கலரைப் பார்த்துட்டு இருப்பாருங்கிறது சின்ன விஷயமில்ல. கடலுக்குன்னு சிஎம்ஓஷன், புவியியலுக்குன்னு ஃபேபியோ கிராமேரி பண்ண பட்லோன்னு விரிடிஸுக்கு அப்புறம் ஒரு பரம்பரையே வந்துடுச்சு. கிராமேரியும் கூட்டாளிங்களும் 2020ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல எழுதுன கட்டுரைல இருந்து வானவில்லை எதிர்க்கிறது ஒரு இயக்கம் மாதிரியே ஆயிடுச்சு.

சரி, பாதி கிணறுன்னு சொன்னேனே. இதுவரைக்கும் பேசுனது எல்லாம் குறைவுல இருந்து அதிகத்துக்குப் போற டேட்டா, மழை, வெப்பம், ஆழம் மாதிரி. அங்க வெளிச்சத்தை ஏத்திட்டே போனா போதும். ஆனா லைன் கிராஃப்ல அஞ்சு கோடு போடுறீங்க, அதுல யாரும் பெரியவன் சின்னவன் இல்ல, வேற வேற ஆளு அவ்ளோதான். இங்க விரிடிஸ் தத்துவம் அப்படியே ஓடாது. மேட்பிளாட்லிப்ல பழைய வரிசை நீலம், பச்சை, சிவப்பு, அதாவது ரெண்டாவது கோடும் மூணாவது கோடும் பச்சையும் சிவப்பும். 2.0ல இதையும் மாத்துனாங்க, டேப்லோங்கிற சாஃப்ட்வேர்ல இருந்து வந்த பத்துக் கலர் வரிசைக்கு, நீலம், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு. பார்க்க எவ்ளோ நாகரிகமா இருக்கு, ஆனா மூணாவதும் நாலாவதும் மறுபடி பச்சையும் சிவப்பும்தான். அந்தப் பச்சை 44, 160, 44, சிவப்பு 214, 39, 40. சிமுலேட்டர்ல போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே சேத்துப் பழுப்புல வரும், வெளிச்சத்துலயும் பெரிய வித்தியாசம் இல்ல. ஒரே ரிலீஸ்ல ஹீட்மேப்புக்கு அவ்ளோ கணக்குப் போட்டவங்க கோடுங்களுக்கு கடைல ரெடிமேடா இருந்ததை எடுத்துட்டு வந்துட்டாங்க.

இத்தனைக்கும் அதுக்கு ஒரு நல்ல விடை ஜப்பான்ல முன்னாடியே இருந்துச்சு. மசடாகா ஒகாபே, கெய் இடோ, ரெண்டு பேரும் உயிரியல் ஆராய்ச்சியாளர்கள், ரெண்டு பேருக்குமே சிவப்புப் பக்கக் கலர் பிளைண்ட்னஸ். மைக்ரோஸ்கோப் படத்துல எல்லாரும் சிவப்பும் பச்சையும் போட்டு ரெண்டும் சேர்ற இடத்துல மஞ்சள்னு காட்டுறதைப் பார்த்துட்டு, சிவப்பை மெஜெந்தா ஆக்குங்கப்பா, பச்சையோட சேர்ந்தா வெள்ளை வரும், எல்லாருக்கும் தெரியும்னு சொன்னாங்க. கூடவே எட்டுக் கலர் கொண்ட ஒரு தொகுப்பும் குடுத்தாங்க. அதுலயும் சிவப்பும் பச்சையும் உண்டு, அதான் சுவாரசியம். சிவப்பை ஆரஞ்சுப் பக்கம் தள்ளி 213, 94, 0 ஆக்கிட்டாங்க, பச்சையை நீலப் பக்கம் தள்ளி 0, 158, 115. அதாவது ரெண்டு பேரையும் மஞ்சள் நீல அச்சுல எதிரெதிர் திசைல கொஞ்சம் நகர்த்தி உட்கார வெச்சாங்க, இப்ப ஒகாபேவுக்கும் இடோவுக்குமே பிரிச்சுத் தெரியும். சிவப்பு பச்சையே போடாதேன்னு பயமுறுத்துறதைவிட எந்தச் சிவப்பு எந்தப் பச்சைன்னு கேட்க வைக்கிற இந்த வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 2020ல ஆர் 4.0 வந்தப்போ இதை மொழிக்குள்ளயே சேர்த்துட்டாங்க.

மூணாவதா ஒரு வகை இருக்கு, அங்க விரிடிஸும் வராது, ஒகாபே இடோவும் பெருசா உதவ மாட்டாங்க. கலருக்கே ஊர்ல ஏற்கனவே அர்த்தம் இருக்குற இடம். 2020 ஏப்ரல் 30ம் தேதி மத்திய சுகாதாரத்துறை மாவட்டங்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு பிரிச்சது ஞாபகம் இருக்கும், நாடு முழுக்க 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. தமிழ்நாட்டுல 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, பச்சை ஒண்ணே ஒண்ணு, கிருஷ்ணகிரி. அதை மூணு கலர்ல மேப்பா வரைஞ்சா, சிவப்பு பச்சை பிரியாதவருக்கு கிருஷ்ணகிரியும் சுத்தி இருக்குற மாவட்டங்களும் ஒரே பழுப்புக் கூட்டம். கடை திறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற மேப்ல இருக்குற ஒரே நல்ல செய்தி அவர் கண்ணுல படாது. இங்க ஊதா மஞ்சள்ல போடுன்னு சொல்ல முடியாது, ரெட் ஜோன்னு பேர் வெச்சுட்டு ஊதால காட்டுனா மத்த எல்லாரும் குழம்புவாங்க.

வானிலை எச்சரிக்கையும் இதே கதைதான், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நாலு நிலை, வடகிழக்குப் பருவமழை வந்துட்டா தினமும் மாவட்ட மேப் நம்ம போனுக்கு வந்துடும். இதுல நம்மளைக் காப்பாத்துறது மேப் இல்ல, வாய்தான். டிவில 'கடலூர், மயிலாடுதுறைக்கு ரெட் அலர்ட்'னு சொல்லிடுறாங்க, பேர் பேரா எழுதியும் போடுறாங்க, அதனால கலர் தெரியாட்டியும் சேதி போய்ச் சேருது. ஆனா வாட்ஸப்ல மேப் மட்டும் தனியா சுத்துறப்போ அந்த வார்த்தை கூட வராது. இந்த மாதிரி மேப்ல நான் எதிர்பார்க்குறது ரெண்டே விஷயம், சிவப்பைத் தெளிவா இருட்டாக்கி மஞ்சளைத் தெளிவா வெளிச்சமாக்குறது, மாவட்டத்து மேலயே ஒரு எழுத்தோ கோடு போட்ட பேட்டர்னோ வைக்கிறது. கலரோட பேரும் அர்த்தமும் அப்படியே இருக்கட்டும், அது மட்டுமே தனியா சுமக்க வேணாம்.

ஆபீஸ் டேஷ்போர்டுல இருக்குற சிவப்பு பச்சை வட்டப் பொட்டுக்கும் இதேதான் மருந்து, பச்சை டிக், சிவப்பு பெருக்கல் குறின்னு வடிவத்தை மாத்திட்டா முடிஞ்சுது, அதுக்கு எந்தக் கலர் தியரியும் வேணாம். ஆனா இதைக் கேட்டா 'நம்ம டீம்ல அப்படி யாரும் இல்லையே'ன்னு ஒரு பதில் வரும் பாருங்க, அதுக்கு நான் பதில் சொல்றதையே விட்டுட்டேன், குரோம்ல டெவ்டூல்ஸைத் திறந்து ரெண்டரிங்ல பார்வைக் குறைபாடு எமுலேஷனை ஆன் பண்ணி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டிடுவேன். 2020ல இருந்து அந்த வசதி இருக்கு, நாலு கிளிக்குதான். வேற எதுவும் இல்லேன்னா போன்ல கருப்பு வெள்ளை ஃபில்டர் போட்டுப் பாருங்க, அதுல பிரிஞ்சு தெரிஞ்சா அநேகமா எல்லாருக்கும் தெரியும். தெரியலைன்னா உடனே தப்புன்னு அர்த்தம் இல்ல, நீலமும் ஆரஞ்சும் ஒரே வெளிச்சத்துல இருந்தா கருப்பு வெள்ளைல ஒண்ணாத்தான் வரும், கலர் பிளைண்ட் ஆளுக்கு நல்லாவே பிரியும். அப்போ சிமுலேட்டர்ல ஒரு தடவை பார்த்துக்கணும்.

அந்த பாதி கிணறு இப்ப முக்கால்ல நிக்குது. மேத்யூ பெட்ராஃப்னு ஒருத்தர் கோடுங்களுக்கான கலர் வரிசையை விரிடிஸ் பாணில யோசிச்சாரு, கலர் பிளைண்ட் கண்ணுக்குப் பிரியுற தொகுப்புங்களை மட்டும் கணக்கா வடிகட்டி, அதுல எது அழகுன்னு ஜனங்ககிட்ட சர்வே எடுத்து, 2021ல வெளியிட்டாரு. நிபந்தனை முதல்ல, ரசனை அப்புறம். மேட்பிளாட்லிப் 3.10ல, 2024 டிசம்பர்ல, பெட்ராஃப்10ங்கிற பேர்ல அது உள்ள வந்துடுச்சு. ஆனா டிஃபால்ட்டா இல்ல, ஒரு ஸ்டைலாத்தான், கேட்டு வாங்கணும். நீங்க ஒண்ணும் சொல்லாம நாலு கோடு போட்டீங்கன்னா இன்னைக்கும் மூணாவது பச்சை, நாலாவது சிவப்பு.